மூன்றாம் ஓலை

பேராயர் அருமைநாயகம் வாயைத் திறக்காமலே பெரிய மனிதர் ஆனவர். இப்படிச் சொன்னது அவருடைய எதிரி யாருமில்லை. அவருக்கு எதிரிகளே கிடையாது. சொன்னது அவர் மனைவி ஞானம்மாள். முப்பத்தெட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் சொன்னால் அதில் ஆதாரம் இருக்கும்.

1984இல் அவருடைய லுத்தரன் திருச்சபைக்குப் புதிய பேராயர் தேவைப்பட்டார். பழையவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. காலி நாற்காலிக்கு இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டன. இரண்டு கட்சியிலும் காலையில் ஜெபக்கூட்டம் நடக்கும். பிற்பகலில் வக்கீலைப் பார்க்கப் போவார்கள். வழக்குகள் பதினேழு சேர்ந்த பிறகு நீதிபதியே அலுத்துப்போய், பொதுவான ஆள் ஒருவரைப் பார்த்து உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. பொதுவான ஆள் என்றால் இரண்டு பக்கத்தைப் பற்றியும் எதுவும் பேசாத ஆள். அப்படித் தேடியபோதுதான், இறையியல் கல்லூரி நூலகத்தின் மூலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி இருந்த பேராசிரியர் அருமைநாயகம் நினைவுக்கு வந்தார். சமரசக் கூட்டத்தில் அவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ம ஆள்தான் என்று முதல் கட்சி முடிவு செய்தது. இரண்டாவது கட்சியும் அதையே முடிவு செய்தது. உண்மையில் அந்த மூன்று மணி நேரமும் அவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தார்.

அதுதான் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. ஜெர்மனியில் ஒன்பது வருஷம் பழைய மிஷன் காகிதங்களோடு குளிரில் கிடந்து, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஆராய்ச்சி நூல் ஒன்று எழுதியிருந்தார். தமிழ்ச் சபைகளில் அந்தக் காலத்தில் யார் பாயில் உட்கார்ந்தார்கள், யார் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள், திருவிருந்துக் கிண்ணம் எந்த உதட்டுக்கு முதலில் போய் எந்த உதட்டுக்குக் கடைசியில் வந்தது, கல்லறைத் தோட்டத்தில் எந்தச் சுவர் யாரைப் பிரித்தது, எல்லாம் தேதியோடும் அடிக்குறிப்போடும் அதில் இருந்தன. மத வரலாறு படிக்கிறவர்கள் மேற்கோள் காட்டினார்கள். துணிச்சலான நூல் என்று அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. துணிச்சல்தான். பாயில் உட்கார்ந்தவர்களின் பேரன்களும் தரையில் உட்கார்ந்தவர்களின் பேரன்களும் படிக்கவே முடியாத ஒரு மொழியில் அதை எழுதியிருந்தார். தமிழில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பேசியதும் இல்லை.

பேராயராக இருந்த ஐந்து வருஷத்தில் முப்பத்தோரு அடிக்கல்லில் அவர் பெயர் ஏறியது. அதில் ஒன்பது கல்லுக்கு மேல் பிறகு கட்டடமும் எழும்பியது. கோப்புகளில் அவர் அதிகம் எழுதிய சொல் ‘பார்க்கப்பட்டது’. 1986இல் தெற்கே ஒரு கிராமத்துப் போதகர் கடிதம் எழுதினார்: இரண்டு தெருவைச் சேர்ந்த ஒரு பையனும் பெண்ணும் கலியாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள், சபைச் சங்கம் கோயிலில் கலியாண ஓலை வாசிக்க விடமாட்டேன் என்கிறது, பேராயர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேராயர் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். எந்த வருஷத்து எந்த ஏட்டில் இதே வாசகம் வருகிறது என்பதுகூட நினைவு வந்தது. பிறகு ஓரத்தில் ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதினார். அந்தப் பையனும் பெண்ணும் பம்பாய்க்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

1989இல் ஓய்வு பெற்று ஆவடி சேக்காட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். அங்கே இருந்தது சின்னச் சபை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எட்டரை மணி ஆராதனை, டாங்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வரும் குடும்பங்கள், பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள். முந்தையவர்கள் வலப்பக்க பெஞ்சுகளிலும் பிந்தையவர்கள் கதவோரத்திலும் உட்காருவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. காற்று வரும் என்று அவர்கள் கதவோரத்தில் உட்காருவதாக வலப்பக்கத்தார் சொல்வார்கள். பேராயருக்கு முதல் பெஞ்சில் ஒரு மெத்தை போடப்பட்டது. தம் புத்தகத்தின் பிரதி ஒன்றை அவர் சபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அது சங்கத்து அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் சமையலுக்கு உதவியாகவும் பொன்னியம்மா வந்தாள். அவள் புருஷன் முனியன், ஞானஸ்நானத்தில் மோசே. சபை ஏட்டில் மட்டும் மோசே. கோயில் கட்டியபோது மணல் சுமந்தவன். சுமந்த மூன்றாம் வருஷம் செத்துப்போனான். ஒரே பிள்ளை தாவீது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டர்னர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் தாழ்ந்த குரல் பாடுவான். அதே குழுவில் உச்சக் குரல் பாடியவள் பிரமிளா, சபைச் செயலாளர் எபனேசர் ராஜசேகரனின் மகள். இரண்டு வருஷம் இரண்டு குரலும் ஒரே ஞானப்பாட்டைப் பாடியதன் விளைவு, 1993 ஆகஸ்டில் இருவரும் போதகரிடம் போய் எழுதிக் கொடுத்தார்கள். தங்களுக்கு ஓலை வாசிக்க வேண்டும் என்று.

ஓலை என்பது வேறொன்றுமில்லை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த நேரத்தில்தான் பலர் காணிக்கைக்குச் சில்லறை தேடுவார்கள்.

போதகர் செங்கல்வராயன் இருபத்தெட்டு வயதுக்காரர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகப்பன் வைத்த இந்துப் பெயரையே மாற்றாமல் வைத்திருக்கிறாரே, இவர் என்ன போதகர் என்று வலப்பக்க பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு ஏற்கெனவே உண்டு. அவர் சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். பெண்ணுக்கு இருபத்துமூன்று. ஆணுக்கு இருபத்தேழு. இருவரும் சபையார். முதல் ஓலையை வாசித்துவிட்டார். மூன்றாம் ஓலைக்கு அடுத்த வியாழக்கிழமை கலியாணம்.

அன்று சாயங்காலமே ராஜசேகரன் பேராயர் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஆறு தலைமுறைக் கிறிஸ்தவர் என்பதைப் பேச்சில் எங்கேயாவது செருகாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“நான் ஜாதி பாக்கிற ஆள் இல்லீங்கய்யா. எங்க செக்‌ஷன்ல எல்லாரும் ஒருத்தர் டிபன் பாக்ஸ்ல ஒருத்தர் கை வைக்கிறவங்க. ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்கில்லீங்களா?”

பேராயர் மின்விசிறியைப் பார்த்தார். தம் நூலுக்காக அவர் படித்த முந்நூறு கடிதங்களில் ஜாதி என்ற சொல்லைத் தாமாக எழுதியவர்கள் நாலு பேர்தான். மற்ற எல்லாரும் குடும்பம், வழக்கம், ஒழுங்கு, சமாதானம் என்றே எழுதியிருந்தார்கள். புள்ளிவிவரம் இன்றைக்கும் மாறவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

ராஜசேகரன் பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். அலமாரிக்கு முட்டுக்கொடுத்த புத்தகத்துக்கு ஒருவழியாக வாசகர் கிடைத்திருந்தார். தொழிற்சாலையில் கலியமூர்த்தி என்று ஒருவர். இன்ஜின் பயிற்சிக்காக ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்து, போல்ட்டுக்கும் பீருக்கும் என்ன பெயர் என்று கற்றுக்கொண்டு வந்தவர். அவரும் ஒரு அகராதியும் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தமிழாக்கம் செய்திருந்தார்கள். ஒரு பழைய சபையின் ஒழுங்கு அது. சபையின் இரு பகுதியாரும் தங்கள் தங்களுக்குள்ளேயே கலியாணம் செய்துகொள்ள வேண்டும், மீறுகிறவர்களுக்கு ஓலை வாசிக்கப்படாது.

“நம்ம லுத்தரன் சபைல இதுக்கு ரூலே இருந்திருக்குங்கய்யா. எவனோ சொன்னதில்ல. நீங்களே எழுதியிருக்கீங்க.”

இரண்டாவது தாளில் நாலு வரி தட்டச்சு செய்திருந்தது. மேற்படி ஒழுங்கு நம் முன்னோர் வழக்கம் என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன். கீழே பேராயர் கையெழுத்துக்கு இடம். அந்தத் தாள் இருந்தால் மூன்றாம் ஓலையின்போது தடை எழுப்பலாம், போதகர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டே ஆக வேண்டும், தலைமை அலுவலகத்தில் பதில் வர எத்தனை வருஷம் ஆகும் என்பது ஐயாவுக்குத் தெரியாததா என்று ராஜசேகரன் விளக்கினார். ஐயாவுக்குத் தெரியும். அதற்குள் பெண்ணைத் தஞ்சாவூரில் தன் அக்கா மகனுக்குக் கொடுத்துவிடலாம்.

பேராயருடைய வாழ்நாள் நூலை முதன்முதலாகத் தமிழில் படித்த மனிதர், குற்றத்தின் பட்டியலைச் சட்டப் புத்தகம் என்று புரிந்துகொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். இதற்குச் சிரிப்பதா, என்ன செய்வது என்று தெரியாமல் பேராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது முடிந்ததும் மறுபடி துடைத்தார்.

எழுந்திருக்கும்போது ராஜசேகரன் இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருஷம் சபைக்கு வெள்ளிவிழா. அதையொட்டி ஐயாவின் புத்தகம் முழுவதையும் தமிழில் அச்சுப் போட்டுவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு இருக்கிறது. கெட்டி அட்டை.

பேராயருக்கு நெஞ்சு ஒரு தடவை எகிறி விழுந்தது. இருபது வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஆசை. அதைச் சொல்லாமலே ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். எகிறிய நெஞ்சைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அட்டை என்ன நிறம் என்று மனசு ஒரு கணம் யோசித்துத்தான் விட்டது.

யோசித்துக் கையெழுத்துப் போடும்படி சொல்லி, தாளை மேஜையில் வைத்துவிட்டு ராஜசேகரன் போனார். பேராயர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சமையலறையில் பொன்னியம்மா தேங்காய் துருவும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் அந்த மேஜையைத் தினமும் துடைத்தாள். தாளை எடுத்துப் பிடித்துக்கொண்டு அடியில் துடைப்பாள். பிறகு அது முன்பு இருந்த கோணத்திலேயே திருப்பி வைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்கள் இருந்த அந்த வீட்டில் அந்தத் தாளை அவளைப் போல உற்றுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அயனம்பாக்கம் வரை நடந்துவிட்டு வருவார். ஏரியைப் பார்த்து நிற்பார். திரும்பி வந்து காபி குடிப்பார். கையெழுத்தும் போடவில்லை, தாளைக் கிழிக்கவும் இல்லை.

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. ராஜசேகரன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்டார். ஆராதனை முடிந்து வராந்தாவில் நிற்கும்போது, பேராயர் நம் பக்கம், காகிதம் அவரிடம்தான் இருக்கிறது என்ற செய்தி வலப்பக்கத்தார் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டுக் கதவோரத்தாரும் பேராயரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரு பக்கத்துக்கும் பொதுவாகப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் அவருக்கு ஐந்து வருஷப் பயிற்சி உண்டு.

அன்று மத்தியானம் ரசம் ஊற்றும்போது ஞானம்மாள் கேட்டாள்.

“கையெழுத்து போட மாட்டேன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“போடுறேன்னு சொன்னீங்களா?”

அதற்கும் இல்லை.

“அப்ப சரி. ரெண்டு பேருக்கும் நல்லவர். இன்னொரு தடவை எலெக்‌ஷன் வச்சா நீங்கதான் வருவீங்க.”

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. எட்டரை ஆராதனைக்கு ஒன்பதே காலுக்கு வருகிறவர்கள்கூட எட்டு மணிக்கே வந்துவிட்டிருந்தார்கள். பிரமிளாவைப் பாடகர் குழுவில் நிற்க விடவில்லை. அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவே உட்கார வைத்திருந்தார்கள். தாவீது தனியாகத் தாழ்ந்த குரல் பாடினான். பொன்னியம்மா கதவோரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் தாளை எடுத்தார். பருத்திப்பட்டு காலஞ்சென்ற மோசே, பொன்னியம்மா இவர்களின் குமாரன் தாவீது. ஆவடி எபனேசர் ராஜசேகரன், ஜெயசீலி இவர்களின் குமாரத்தி பிரமிளா. இது மூன்றாம் ஓலை. தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம்.

ராஜசேகரன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து தமிழாக்கத்தின் நகலை எடுத்து வாசித்தார். நல்ல குரல், கிறிஸ்துமஸுக்கு ஏசாயா வாசிக்கிற குரல். வாசித்து முடித்து, இது நம் பேராயர் ஐயாவே எழுதிய நூலில் உள்ளது, இரண்டு வாரத்துக்கு முன்பே ஐயாவிடம் கொடுத்துவிட்டேன், இதுவரை ஐயா மறுக்கவில்லை, அவரே முன்னால் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

போதகர் முதல் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். அங்கி நுனி ஆடியது. “ஐயா” என்றார்.

பேராயர் மெத்தையில் உட்கார்ந்தபடியே இருந்தார். அவருக்குப் பழக்கமான இடம் இது. எல்லாரும் காத்திருப்பார்கள், அவர் பேசமாட்டார், கொஞ்ச நேரத்தில் அவரவர் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போதும் அப்படி ஆகிவிடும். தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

அப்போது ஒரு அடிக்குறிப்பு அவர் கண்ணில் பட்டது. இன்னும் இருநூறு வருஷம் கழித்து எவனோ ஒரு ஆராய்ச்சி மாணவன் எழுதப்போவது. ஆவடி, 1993, ஆகஸ்ட். ஓலைக்குத் தடை எழுப்பப்பட்டது. பேராயர் அருமைநாயகம் அங்கிருந்தார். அவர் ஏதும் சொன்னதாகக் குறிப்பில்லை. இப்படிப்பட்ட வரிகளை அவர் நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார். ‘குறிப்பில்லை’ என்று எழுதும் ஒவ்வொரு தடவையும், அங்கேயிருந்து வாயை மூடிக்கொண்டு போன அந்தச் செத்துப்போன வெள்ளைக்கார மிஷன் ஐயர்மார்மேல் அவருக்கு ஒரு இளப்பம் வரும். அந்த இளப்பத்தில்தான் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஓடியது. இன்றைக்கு அது தம் பக்கம் திரும்பி வந்தபோது முழங்கால் தானாக எழுந்துகொண்டது.

“ராஜசேகரன் வாசிச்சது நான் எழுதினதுதான்” என்றார். “அடுத்த பக்கம் அவர் படிக்கலை. இருநூத்துப் பதிமூணு.”

யாரோ இருமினார்கள்.

“அந்த ஒழுங்குனால ஓலை நின்னுபோன ஒரு பொண்ணு பேரு அதுல இருக்கு. செவத்தி. ஓலை இல்லாம, கட்டிக்க இருந்தவன்கூட இருந்ததுனால அவளுக்குத் திருவிருந்து கிடையாதுன்னு நிறுத்தினாங்க. பிரசவத்துல செத்தா. கல்லறைச் சுவத்துக்கு வெளியில புதைச்சாங்க. அந்தச் சபை ஐயர் அன்னிக்கு ஊர்லதான் இருந்தார். அவரோட பிரசங்கம் எல்லாம் படிச்சிருக்கேன். நல்ல பிரசங்கம்.”

அவர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“இது நமக்கு ரூல் இல்ல. இது நாம செஞ்ச பாவம். நானும் செஞ்சேன், எண்பத்தாறுல. செங்கல்வராயன், இது தடை இல்ல. நீங்க ஓலையை முடிங்க.”

உட்கார்ந்துவிட்டார். கோயிலின் அமைதியைத் தாங்க முடியாத ஆர்மோனியக்காரர் கைக்கு வந்த பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். அது சவ அடக்க ஆராதனைப் பாட்டு. போதகர் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். தடை ஏற்கப்படவில்லை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திருமணம் நடைபெறும் என்று அவர் சொன்னபோது அங்கி ஆடவில்லை. ராஜசேகரன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி ஜெயசீலி பெஞ்சைவிட்டு எழவில்லை. மகளின் கை மேல் தன் கையை வைத்திருந்தாள்.

வராந்தாவில் பலர் பேராயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பிரசங்கம் அருமை ஐயா என்று வலப்பக்கத்தார் இருவர் சொன்னார்கள். பிரசங்கம் என்று வைத்துக்கொண்டால் அதன்படி நடக்கத் தேவையில்லை என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேராயர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஞானம்மாள் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். மறுநாள் காலை பொன்னியம்மா வந்து கால் பக்கம் நின்று அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று அவர் இரவே வாக்கியம் தயார் செய்துவிட்டார்.

திங்கட்கிழமை பொன்னியம்மா வந்தாள். பாத்திரம் தேய்த்தாள். மேஜை துடைத்தாள். தாளை அதே கோணத்தில் திருப்பி வைத்தாள். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். கண்ணில் ஈரம் எதுவும் இல்லை.

“இன்னா ஐயா, ஒண்ணு கேக்கட்டா?”

கேள் என்றார்.

“நேத்து சொன்னீங்களே, அத்த அந்த ஆளு இங்க வந்து குந்திகினு இருந்தாரே, அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா? பதினாலு நாளு. எம் புள்ள சோறு துன்னல. அந்தப் பொண்ண ஊட்ட உட்டு வெளிய உடல. நான் இங்கயே வந்துகினு போய்கினு கீறேன். உங்களுக்குத் தெரிஞ்சுதான கீது?”

பேராயரிடம் தயாராக இருந்த வாக்கியம் இந்தக் கேள்விக்கு ஒத்துவரவில்லை. அவருக்குத் தமிழ், ஆங்கிலம், ஜெர்மன், கொஞ்சம் கிரேக்கம் தெரியும். நாலிலும் தேடினார். காபியில் ஆடை படிந்தது.

“பயம், பொன்னியம்மா” என்றார்.

அவள் அந்தச் சொல்லை ஏதோ புதுச் சாமானைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உங்களுக்கா?” என்றாள். “கல்லு ஊடு கீது, பென்ஷன் கீது, கோயில்ல மெத்த போட்டு வச்சிகீறாங்கோ. நாங்க பயந்தா ஒரு அர்த்தம் கீது.”

அவள் டம்ளரை எடுத்து, ஆடையை விரலால் வழித்துவிட்டு, காபியைச் சூடாக்க உள்ளே போனாள். சமையலறை வாசலில் நின்று திரும்பினாள்.

“வியாயக்கெயம நான் வேலைக்கு வரமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. நீங்க ரெண்டு பேரும் பத்து மணிக்கு வந்துடுங்க.”